பந்துக்குப் போட்ட எண்ணெய்

நேற்று பேத்தி தன் தோல்பையில் தேங்காய் எண்ணெயைக் கொட்டிவிட்டாள். அந்த வாசம் ஏறியதும், மலாயாவின் கோத்தா திங்கி தோட்டத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தோல்பந்துக்கு எண்ணெய் தேய்க்கும் சடையன் மாமாதான் கண்முன் வந்தார். ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் அவர்தான் எங்கள் தோட்டத்து அணிக்குத் தலைவர். தோட்டங்களுக்கிடையிலான பந்தாட்ட லீகுக்கு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான அப்பா பொருளாளர். ரப்பர் விலை விழுந்ததும், லீகை நடத்திய துரைமார் ஒரு கூட்டம்கூடப் போடாமல் கப்பலேறிவிட்டார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டிருந்ததால் எனக்கும் தெரியும். ஆனாலும் சம்பள நாளில் சந்தா வாங்குவதை அப்பா நிறுத்தவில்லை. மாமா வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வெந்த அந்தக் காலத்தில், எங்கள் வீட்டு அரிசி அந்தச் சந்தாவில்தான் வந்தது.

"கிராணி ஐயா, பந்து என் பொண்டாட்டிய விட பளபளன்னு இருக்கு. ஆட்டம் எப்பங்க?"

"வரும்லா. எண்ணெய் மட்டும் விடாம போட்டு வை."

மாமா சிரித்துக்கொண்டே தேய்ப்பார், தையல் தையலாக, கைக்குழந்தைக்குத் தேய்ப்பதுபோல. உள்ளங்கையில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல், "பாப்பா, இங்க வா" என்று கூப்பிடுவார். நானும் போய்த் தலையைக் காட்டிக்கொண்டு உட்காருவேன்.