படகில் ஏறிய யோனா

நெம்மேலி குப்பத்துச் செங்கல்வராயன் 1999இல் ஞானஸ்நானம் பெற்றான். மனைவி சியாமளாவின் தீராத காய்ச்சல் ஜெபத்தில்தான் விட்டது என்று நம்பினான். கடலுக்குப் போகிறவன் என்பதால் போதகர் யோனா என்று பெயரிட்டார். அந்தத் தீர்க்கதரிசியைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெரிய மீன் விழுங்கியது, பிறகு உயிரோடு கக்கியது. அந்தப் பெயருள்ளவனைக் கடல் வைத்துக்கொள்ளாது என்று நிம்மதியாக இருந்தான்.

குப்பத்தில் மற்றவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. கிறிஸ்துமஸ் கூட்டத்தின் ஒலிபெருக்கி அம்மன் கோயில்வரை கேட்டது. அதில் சொன்ன கதைப்படி, யோனா படகில் ஏறியதால் புயல் வந்தது. அவனைத் தூக்கிக் கடலில் போட்டதும் அலை அடங்கியது. ஒரே கதையில் ஆளுக்கு வேண்டிய பாதி. நான் பார்த்தவரை எந்தக் கோயிலிலும் நம்பிக்கை இதைவிட முழுசாக இருந்ததில்லை.

மறு வருஷம் ஐப்பசியில், படகுக்காரர் வரதனோடும் கூட வலையிழுக்கும் தர்மராஜோடும் அவன் கடலுக்குப் போயிருந்தபோது காற்று திடீரென்று திரும்பியது. எஞ்சின் நின்றது. வலையை அறுத்துவிட்டார்கள். படகுக்குள் முழங்கால் தண்ணீர்.

தர்மராஜ் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்தான். "நைனா, உம் பேரு இன்னா?"

குரல் விளையாடியது. கை விளையாடவில்லை.

"செங்கல்வராயன்."

"பாஸ்டரு வச்ச பேரு?"

"அதெல்லாம் சும்மா, அண்ணாத்த. சியாமளாவுக்கோசரம் போனேன்."

"அப்ப இந்தக் காத்து யாருக்கோசரம் வந்துகீது?"

விரல்கள் இறுகின. அவன் மீனை நினைத்துப் பார்த்தான். அந்தத் தண்ணீரில் மீன் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

எஞ்சின் கயிற்றை இழுத்தபடியே வரதன் கத்தினார்: "டேய் தர்மா! அவனத் தள்ளிட்டா தண்ணிய எவன்டா இறைப்பான், உங்கப்பனா?"

கை விலகியது. மிதந்த டப்பாவைப் பிடித்துச் செங்கல்வராயன் தண்ணீரை இறைக்கத் தொடங்கினான். எஞ்சின் உயிர்பெற்று, படகு மணலில் தட்டிய பிறகும் நிறுத்தவில்லை. வரதன்தான் டப்பாவைப் பிடுங்கினார்.

அன்று மாலை சியாமளா வேதத்தில் அந்த இடத்தை வாசித்துக் காட்டினாள். தன்னைக் கடலில் போடச் சொன்னது யோனாவேதான். அப்படியும் படகிலிருந்தவர்கள் உடனே போடவில்லை; கரைசேர முதலில் துடுப்பு வலித்தார்கள்.

"எவ்ளோ பாடுபட்டாங்க பாரு. முடியாமத்தான் போட்டாங்க."

"போட்டாங்கதானே?" என்றான்.

மூன்றாம் நாள் காற்று தணிந்தது. "வா யோனா" என்று தர்மராஜ் சிரித்தபடி கைகொடுத்து ஏற்றினான். பிழைப்பு வேறில்லை, போனான். அதன்பின் எந்தப் படகில் கால் வைத்தாலும் இறைக்கும் டப்பாவை முதலில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வானம் தெளிந்திருந்த நாட்களிலும் அதை யார் கேட்டாலும் கொடுக்கவில்லை.