இன்ஜின் ஆறும் வரை

என் தங்கையின் மாமியாருக்குக் கூர்மையான காது. வீட்டுக்குள் யார் அழுதாலும் கேட்காது. வாசலில் நிற்கும் பைக்கின் டேப்பட் சத்தம் மட்டும் அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தத் தெருவில் முப்பது நாற்பது பைக் இருக்கும். அந்தம்மாவுக்கு உறுத்தியது ஒரே ஒரு பைக்கின் சத்தம்தான், ஏனென்றால் அது நாங்கள் கொடுத்தது.

எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த வண்டி, ஓடுகிறவரைக்கும் மாப்பிள்ளை வண்டி. மக்கர் பண்ணினால் அந்த நிமிடமே பெண் வீட்டு வண்டி. பிரேக் பிடிக்கவில்லை என்றாலும், ஹாரன் அடிக்கவில்லை என்றாலும், "உங்க வூட்டு வண்டி" என்றுதான் பேச்சு தொடங்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோக மாட்டார்கள். பெண்ணின் அண்ணன் வந்து பார்த்துக் கொடுக்க வேண்டும். நான் ஒரு கம்பெனியில் மெஷின் மெயின்டனன்ஸில் இருக்கிறவன், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் என்பது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

நாங்கள் இருப்பது பாகூர் பக்கம். தங்கையைக் கொடுத்தது ஒதியம்பட்டில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை சாயந்தரம் அவளிடமிருந்து போன் வரும். வண்டி சத்தம் போடுவதாக அத்தை சொல்கிறார்கள், நாளைக்கு வர முடியுமா என்று கேட்பாள். பின்னால் அத்தையின் குரல், என்ன சொல்ல வேண்டும் என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். வாரத்தில் எனக்கு இருக்கிற ஒரே லீவு ஞாயிற்றுக்கிழமை. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்பேன். டூல்ஸ் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போவேன்.

டேப்பட் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குள் இரண்டு வால்வு இருக்கிறது. ஒன்று பெட்ரோல் காற்றை உள்ளே விடும், இன்னொன்று எரிந்த புகையை வெளியே விடும். வால்வின் தலைக்கும் அதை அழுத்தும் இரும்புக் கைக்கும் நடுவில் ஒரு தலைமுடி அளவுக்கு இடைவெளி விட வேண்டும். சூடானால் இரும்பு நீளும், அதற்காக விடுகிற இடம் அது. அந்த இடைவெளியில்தான் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வரும். இடைவெளி கூடிப்போனால் சத்தமும் கூடும், இழுவை குறையும். இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும். ஆனால் வால்வு முழுதாக மூடாது. கசிகிற நெருப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது.

வேலை பெரிய வேலை இல்லை. டேங்க்கைக் கழற்றி, டேப்பட் மூடிகளைத் திறந்து, பக்கவாட்டில் இருக்கிற மூடியையும் எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் கோட்டுக்கு நேராக இன்ஜினைக் கையால் சுற்றி நிறுத்த வேண்டும். ஃபீலர் கேஜ் என்று மெல்லிய தகடுகள் கொண்ட கத்திக் கொத்து மாதிரி ஒன்று உண்டு. அதில் சரியான தகட்டை அந்த இடைவெளியில் நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்து வர வேண்டும். அவ்வளவுதான். அரை மணி நேரம் போதும். ஆனால் இன்ஜின் சுத்தமாக ஆறி இருக்க வேண்டும். சூட்டோடு வைத்த அளவு அளவே இல்லை. இதை என் சொந்த வண்டியில் இரண்டு தடவை சொதப்பிக் கற்றுக்கொண்டேன்.

அதனால் ஒவ்வொரு தடவையும் போனில் தலைப்பாடாக அடித்துக்கொள்வேன். காலையில் யாரும் வண்டியைத் தொடக்கூடாது, ராத்திரி நிறுத்தியது அப்படியே நிற்க வேண்டும் என்பேன். சரி அண்ணே என்பாள். ஒன்பது மணிக்குப் போய் இன்ஜின்மேல் கை வைத்தால் சுடும். ஒவ்வொரு தடவையும்.

கேட்டால், மாப்பிள்ளை முதல் பூசைக்கு எடுத்துப் போய்விட்டார் என்பாள். கோயில் அடுத்த தெருவில் இருக்கிறது. மாப்பிள்ளையோ லுங்கியோடு கொட்டாவி விட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வருவார். பூசைக்குப் போய் வந்து மறுபடி படுத்திருப்பார் போல, அடுத்த தெருவுக்கு நடந்து போக இவர் கால் தேய்ந்தா போகும் என்று எனக்குள் எரியும். சொல்ல முடியுமா? மாப்பிள்ளை ஆயிற்றே. இன்ஜின் ஆற மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை அவர்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில், டி.வி.யைப் பார்த்துக்கொண்டு, பொழுதைக் கொன்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த நேரங்களில் அத்தை வாயில் தேன் வடியும். அண்ணனுக்குக் காபி கொடும்மா, நீயும் உட்காரும்மா, அண்ணன்கிட்ட பேசிக்கிட்டு இரும்மா என்பார்கள். தங்கை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். பெரிதாக ஒன்றும் பேச மாட்டாள். அம்மாவின் முட்டிவலி, எங்கள் தெருவில் புதிதாகத் திறந்த கடை, இப்படி எதையாவது கேட்பாள். மத்தியானம் எல்லோரோடும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவாள். நானோ கடிகாரத்தையும் இன்ஜினையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன்.

ஆறிய பிறகு கேஜ் வைத்துச் சரியாகப் பண்ணிக் கொடுத்தாலும் அத்தைக்குத் திருப்தி இருக்காது. அந்த மெல்லிய சத்தம் இருக்கத்தான் செய்யும். அது இருக்க வேண்டும் என்று ஒருமுறை எடுத்துச் சொன்னேன். "வண்டி கம்பெனிக்காரன் இன்னா வேணா சொல்வான் தம்பி. எதுத்த வூட்டு வண்டி சத்தம் போடலியே" என்று முடித்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஆனதும் மறுபடி போன் வரும். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

போன வருஷம் கோயில் திருவிழா நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல இன்ஜின் சூடு. வீட்டில் அத்தையின் அக்கா குடும்பம் வந்திருந்தது. என்னை யாரென்று அவர்கள் கேட்க, அத்தை என்னைக் காட்டிவிட்டு வண்டியைக் காட்டினார்கள். இவர்கள் கொடுத்த வண்டிதான், தெருமுனை திரும்பும்போதே எங்கள் மருமகள் சீர் வருகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையும்தான். என் தங்கை தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஒரு மணிக்கு இன்ஜின் ஆறியது. வீட்டின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் பிரித்தேன். டேப்பட் துவாரத்துக்குள் வெளிச்சம் தெரிய தங்கை செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அன்றைக்கு கேஜை வெளியே எடுக்கவே இல்லை. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் ஆட்டம் நிற்கிறவரைக்கும் இறுக்கி, அதற்கு மேலும் ஒரு துளி இறுக்கி, நட்டைப் போட்டேன். அவள் இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். உடனே கவனித்துவிட்டாள்.

"இன்னாண்ணே, அந்தத் தகடு வெச்சிப் பாக்கல?"

"பாக்கல. இது தப்புதான். ஆனா சத்தம் வராது."

"வண்டிக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆவும். அஞ்சாறு மாசம் தாங்கும். அதுவரைக்கும் என்னை உயிரோட உடுவாங்க இல்ல."

தங்கை செல்போன் லைட்டை அணைத்தாள். பிறகு, "அப்ப அதுவரைக்கும் நீ வர மாட்டியா?" என்றாள்.

"எதுக்கு வரணும்?" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். எந்த யோசனையும் இல்லாமல், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணியபோது சத்தமே இல்லை. அத்தை வாசலுக்கு வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இப்போதுதான் தம்பிக்கு வேலை பிடிபட்டிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணி வரைக்கும் தூங்கினேன். தங்கையிடம் எப்போதாவது பேசினால் நல்லாயிருக்கேன் என்பாள். நானும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஆறாவது மாதம் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. கொஞ்ச நாளாகவே வண்டிக்கு இழுவை இல்லையாம், இப்போது ஸ்டார்ட்டே ஆகவில்லையாம், வில்லியனூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறாராம். அன்றைக்கு வார நாள். ஷிஃப்ட் முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் நேராகப் போனேன். நாலு மணி இருக்கும். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். துணி துவைக்கிற கல்லோரம் தங்கை நின்றபடி, கையில் தட்டை வைத்துக்கொண்டு தண்ணீர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இருந்தாள். உள்ளேயிருந்து அத்தை அவளை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். என்னைப் பார்த்ததும் தங்கை தட்டை முந்தானையால் மறைத்தாள்.

ஐந்து நிமிடத்தில் எல்லாம் மாறிவிட்டது. நாற்காலி வந்தது, காபி வந்தது, அத்தை வாயில் பழைய தேன் வந்தது. மாப்பிள்ளை, மெக்கானிக் கொடுத்த வால்வை ஒரு பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். பிரித்துக் காட்டினார். ஓரத்தில் எலி கடித்த மாதிரி எரிந்து போயிருந்தது. யார் வேலை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மெக்கானிக் என்ன சொன்னான் என்று மட்டும் கேட்டேன். ஓவர் சூட்டில் எரிந்துவிட்டது என்றானாம்.

"எல்லாம் உன் தங்கச்சி வேலதான் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நீ வர்ற ஞாயித்துக்கெழமைல்லாம் நா தூங்கினு இருப்பேன், இது போயி வண்டிய ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் சும்மா ஓட உட்டுனு நிக்குமாம். பெட்ரோல் போவுதுன்னு அம்மா எவ்ளோ திட்டியிருக்கு தெரியுமா? அப்பிடி நின்ன எடத்துலயே ஓடுனா சூடு ஏறாம இன்னா பண்ணும்?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. அவர் பூசைக்குப் போகவே இல்லை. இன்ஜினைச் சூடாக்கியது இவள். சூடாக இருந்தால் நான் உட்காருவேன். நான் உட்கார்ந்திருக்கிறவரை அவளையும் உட்கார விடுவார்கள், எல்லோரோடும் சாப்பிட விடுவார்கள், யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்கு மணி நேரம். அதற்காகத் திட்டு வாங்கிக்கொண்டு அந்த வண்டிப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நான் அதையும் இறுக்கி அடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அப்போது நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். அவள்மேல் தப்பில்லை, நின்ற இடத்தில் ஓடியதால் இந்த வால்வு எரியவில்லை, நான்தான் வேண்டுமென்று இறுக்கினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்ற தங்கையும் பார்த்தாள். அவளுக்கு உண்மை தெரியும், லைட்டைப் பிடித்தவளே அவள்தான். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் அந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இருக்கும் மாப்ள" என்றேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அதைவிடக் கேவலமாக நான் எதுவும் பேசியதில்லை.

அந்த வண்டியை விற்றுவிட்டு மாப்பிள்ளை அவரே ஒரு புது வண்டி எடுத்துவிட்டார். சர்வீஸெல்லாம் ஷோரூமில். அது பெண் வீட்டு வண்டி இல்லை. அதன்மேல் கை வைக்க எனக்கு உரிமையும் இல்லை, வேலையும் இல்லை. தங்கையைக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று இரண்டு தடவை போனில் கேட்டேன். இப்போது தோதுப்படாது என்று அத்தையே பதில் சொல்லி வைத்துவிட்டார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு சும்மா போனேன். கேட்டில் அத்தைதான் நின்றார்கள். "இன்னா தம்பி, இன்னா விசயம்?" என்று கேட்டார்கள். பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். அது விஷயமாகவே அவர்களுக்குப் படவில்லை. காபி வந்தது, குடித்தேன். மாப்பிள்ளை வெளியூர் போயிருப்பதாகவும், தாங்களும் ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்றும் அத்தை இரண்டு தடவை சொன்னார்கள். கால் மணி நேரத்தில் எழுந்துகொண்டேன்.

தங்கை கேட் வரைக்கும் வந்தாள். பின்னாலேயே அத்தையும் வந்து நின்றார்கள். நான் வண்டியைத் திருப்பி ஏறி உட்கார்ந்தேன். தங்கை குனிந்து, என் வண்டி இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

"சூடா கீதுண்ணே" என்றாள். "ஆறினப்பறம் போயேன்."

அத்தை என்னைப் பார்த்தார்கள். நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் கையை எடுத்தாள். நான் கிக்கரை மிதித்தேன்.