இரண்டு பேருக்கும் ஒரு நாய்க்கும் ஒரு கூடாரம்

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு மலையில் நடக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதுவும் என் நாயோடு. நான்கு நாள், மூன்று இரவு, ஜவ்வாது மலையில், முதுகில் சுமக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு. ஏன் என்று கேட்டவர்களுக்கு வேறு வேறு பதில் சொன்னேன். நான் வேலை பார்க்கும் ஏனாத்தூர் கல்லூரி ஆய்வகத்திலும் சரி, செவிலிமேட்டு வீட்டிலும் சரி, நாள் முழுக்க யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். எதுவும் கேட்காமல் கூடவே நடந்து வருவது என் நாய் ஒருத்திதான். பாலாற்று ஓரத்தில் குட்டியாக எடுத்து வந்த தெருநாய். காவி நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும்.

என் கணவர் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். நான் சொன்னதைக் கேட்டபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா கூட வந்தா போ. தனியான்னா வேணாம்."

அக்கா என்றால் அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் எங்கள் மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். எனக்குக் கல்யாணமான பத்தொன்பது வருடங்களாக எனக்கும் அவருக்கும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. என்னைச் சோம்பேறி என்று அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அவரை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பது அவர் காதுக்கும் போயிருக்கும். நாயை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மாட்டேன் என்று சொல்லிவிடுவார், பிறகு கணவரிடம் வேறு மாதிரி பேசிக்கொள்ளலாம் என்று நினைத்து மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"வரேன்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடத்துத் தரையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். திட்டம் போட்டோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் ஒரு நீள நோட்டில் எழுதுவார், நான் எதிரே உட்கார்ந்து அதைத் தலைகீழாகப் படிப்பேன். முதல் ஞாயிறே கூடாரத்தில் தகராறு வந்தது.

"மூணு பேர் படுக்கிற டென்ட்டு வாங்கணும் அண்ணி" என்றேன்.

"யாரு மூணாவது ஆளு?"

நான் நாயைப் பார்த்தேன்.

"அது வெளிய படுக்கும்."

"அப்ப நானும் வெளிய படுத்துக்கறேன்."

"படு" என்று சொல்லிவிட்டு, நோட்டில் 'இருவர் கூடாரம் 1' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்த வாரமே நான் மூன்று பேர் கூடாரத்தை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டி வந்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கியது அண்ணிதான். பெட்டியை என் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

நாய்க்கு நான்கு நாள் சாப்பாட்டை என்னால் சுமக்க முடியாது. அதனால் அவளுடையதை அவளே சுமக்கட்டும் என்று, எல்லோரும் பாய் என்று கூப்பிடும் தார்ப்பாய்த் தையல்காரரின் கடைக்குக் கூட்டிப்போனேன். பாய் டேப்பை எடுத்து அவள் வயிற்றைச் சுற்றி அளந்தார்.

"இன்னாமா, இதுக்கு ஜாக்கெட்டா?"

"ரெண்டு பக்கமும் பை வச்சி தைக்கணும் பாய். முதுகுல தொங்கணும்."

"நான் கழுதைக்குத் தெச்சிருக்கேன். நாயிக்குத் தெச்சதில்ல. தெக்கிறேன், வுடு." தோல் உரசும் இடத்தில் பழைய கம்பளித் துண்டை வைத்துத் தைத்தார். இந்த விஷயத்தில் என்னிடம் சிரித்த முகமாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

பைக்குள் வைக்கக் கோழிக்கறியை வேகவைத்து மொட்டை மாடியில் காய வைத்தேன். அது அண்ணியின் ஜன்னலுக்கு எதிரே. வேறு இடத்தில் வைத்திருக்கலாம். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் தட்டு மட்டும் இருந்தது. மேலே மூடியிருந்த வலையை யாரோ மடித்துச் சுவரோரம் வைத்திருந்தார்கள்.

"காக்கா தின்னுடுச்சி" என்றார் அண்ணி.

"காக்கா வலைய மடிச்சி வைக்குமா அண்ணி?"

"நாத்தம் தாங்கல. நானும் இந்த வூட்லதான் இருக்கிறேன்."

மறுநாள், மலையில் உள்ளே புகுந்து படுக்க அவர் வாங்கிய புதுத் தூக்கப்பை வெயிலில் விரித்திருந்தது. பாலாற்றில் புரண்டுவிட்டு ஈரத்தோடு வந்த நாயை மாடிக்குக் கூட்டிப்போய் அதன் மேல் படுக்கச் சொன்னேன். மறதியில் நடந்ததல்ல. படு என்று நானேதான் சொன்னேன்.

இவ்வளவுக்கும் நடுவில் காலை நடைப் பயிற்சி நிற்கவில்லை. இருட்டு விலகியதும் பாலாற்று மணலில் இறங்கி, முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்போம். அண்ணி என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர், ஒரு நாளும் எனக்குப் பின்னால் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாய் அவரோடு முன்னால் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் வேகம் அவளுக்குப் பிடித்துவிட்டது. முதுகில் பாய் தைத்த பை ஆட, வாலைத் தூக்கிக்கொண்டு அவர் காலடியிலேயே ஓடுவாள். அண்ணி குனிந்து பார்க்க மாட்டார், தடவ மாட்டார். "நட" என்று மட்டும் சொல்வார். நூறு அடி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நான். ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பால் ஊற்றாமல் விட்டேன். பிறகு வெட்கமாகி ஊற்றினேன்.

வெறிநாய்த் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்கினேன். உண்ணி மருந்து வாங்கினேன். கல்லூரியில் நான்கு நாள் லீவு சொன்னேன். மலையில் வழி காட்டுகிறவரிடம் பேசுவதும், காட்டுக்குள் போக அனுமதி வாங்குவதும் அண்ணியின் பொறுப்பு. கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது அவருடைய போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் எடுத்தேன்.

"மேடம், பர்மிஷன் வந்துட்டுது. ரெண்டு பேருக்கு" என்றார் வழிகாட்டி.

"நாயிக்கு?"

"அதான் மொதல்லியே சொன்னேனே மேடம். காப்புக்காட்டுக்குள்ள நாயி வுட மாட்டாங்க. நீங்ககூட சரின்னீங்களே, ரெண்டு மாசம் ஆவுதே."

ரெண்டு மாசம். அப்படியென்றால் பாய் அளவெடுத்தபோதே அண்ணிக்குத் தெரியும். ஊசிக்கு நாயை நான் பிடித்து நின்றபோது தெரியும். ஈரத்தலையில் துண்டோடு அண்ணி வந்தார். என் கையிலிருந்த போனைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வருவியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"என்னைக் கண்டாலே ஆவாது உங்களுக்கு. நான் வந்தா இன்னா, வரலன்னா இன்னா?"

அண்ணி துண்டை அவிழ்த்து உதறினார். "வந்த மாசமே மலைக்குப் போறேன்னு சொன்னேன். இந்த வயசுல தனியா அனுப்ப மாட்டேன், அவளும் வந்தா போக்கான்னு சொல்லிட்டான் உன் வூட்டுக்காரன். முப்பத்தஞ்சி வருசம் ஊரான் வூட்டுப் பொண்ணுங்கள கூட்டிக்கினு போயி பத்திரமா கொணாந்து வுட்டவ நான். இப்ப இவன் வூட்ல இருக்கிறனாம், இவன்கிட்ட கேக்கணுமாம். நீ வந்து கேட்டப்ப எனக்கு வேற வழி இல்ல."

இதைக் கேட்டதும் என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. என் கணவர் எங்கள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார், சரி. அதற்காக என் நாயை இரண்டு மாதம் ஏமாற்றியது சரியாகிவிடுமா? அதையும் சொன்னேன், அதற்கு மேலும் சொன்னேன். அவரும் சொன்னார். கணவர் உள்ளே ஹெட்போனோடு ஏதோ முந்தானைக்கு மயில் வரைந்துகொண்டிருந்தார்.

கத்தி ஓய்ந்தபின் அண்ணிதான் பேசினார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேந்து போவோம். அப்புறம் நீ உன் வழி, நான் என் வழி. நாலாம் நாள் சாயங்காலம் அங்கியே வந்து நில்லு. சேந்து வூட்டுக்கு வருவோம்."

மீதி எட்டு நாளில் என் திட்டத்தைத் தனியாகப் போட்டேன். மலை இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கிழக்கே, வாலாஜாபாத் பக்கம் ஊர் ஊராக நடந்து தென்னேரி ஏரி வரை போய்த் திரும்புவது. முதல் இரவுக்கு எங்கள் கல்லூரி உதவியாளர் தன் வயல் மோட்டார் கொட்டகையைத் தந்தார்.

கிளம்பிய அன்று கணவர் வாசலில் நின்று படம் எடுத்தார். இரண்டு பேரும் சிரித்தோம். ஆட்டோக்காரர் நாயைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். பஸ் ஸ்டாண்டில் அண்ணி ஆரணி பஸ்ஸை நோக்கி நடந்தார். நாய் அவர் பின்னாலேயே இழுத்தாள். கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

என் பயணம் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. வழி நெடுக, "யாருமா நீ? நாயி வச்சிக்கினு எங்க போற?" என்று கேட்டார்கள். கோயிலுக்கு என்றால் விட்டிருப்பார்கள். சும்மா நடக்கிறேன் என்றதும் முகம் மாறியது. இரண்டாம் நாள் தென்னேரி ஏரிக்கரையில் கூடாரத்தைக் கட்டி முடித்ததும் ஊர் நாய்கள் ஏழெட்டு சுற்றிக்கொண்டன. என்னவள் கூடாரத்துக்குள் புகுந்து என் மடியில் நடுங்கினாள். மாடு ஓட்டி வந்த ஒருவர் கல்லெறிந்து அவற்றை விரட்டிவிட்டு, என்னையும் சேர்த்துத் திட்டினார். ஆனாலும் அன்று அங்கேயே தங்கினேன். விடியலில் ஏரி முழுக்க நாரைகள். அவள் கரையில் உட்கார்ந்து, குரைக்காமல், அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் வந்தேன் போலிருக்கிறது. திரும்பும்போது அவள் பாதத்தில் முள் ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டே ஏனாத்தூர் வரை வந்தாள். மூன்றாம் இரவு அங்கே ஒரு தோழி வீட்டுத் தரையில் படுத்தோம்.

நாலாம் நாள் சாயங்காலம் அண்ணி பஸ்ஸிலிருந்து இறங்கினார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. நாய் எழுந்து நொண்டியபடி அவரிடம் போனாள்.

"கால் இன்னா ஆச்சி?"

"முள்ளு."

"ஒழுங்கா எடுத்தியா?"

"எடுத்தேன். மலை எப்படி இருந்துது?"

"செங்குத்து" என்றார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நீ ஏறியிருக்க மாட்ட" என்றும் சொன்னார்.

வீட்டில் கணவர் படங்களைக் கேட்டார். போனில் சார்ஜ் இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இப்போது உறவுக்காரர்கள் வந்தால், என் அக்காவும் பெண்டாட்டியும் ஒரே டென்ட்டில் மூன்று ராத்திரி தங்கினார்கள், அதற்குப் பிறகு எவ்வளவு ஒற்றுமை தெரியுமா என்று அவர் பெருமையாகச் சொல்கிறார். நான் காப்பியோடு உள்ளே போய்விடுவேன். அண்ணி மாடிப்படி ஏறிவிடுவார். போன வாரம் அவர் நோட்டில் அடுத்த மலையின் பெயரை எழுதி, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதியிருந்தார். என்னிடம் கேட்கவில்லை.