மிச்சச் சுண்ணாம்பு

கல்லறைக்கென்று கரைத்த சுண்ணாம்பை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் யாரும் எழுதிவைக்காத சட்டம் இது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய ஞாயிறு பூசை முடிந்ததும் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போவோம். வாளியில் மிச்சமிருந்தால் பக்கத்தில் யாரும் வராத கல்லறைக்கு அதைப் பூசி, வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தப் பழக்கத்தால்தான் என் எழுபத்தொன்றாம் வயதில் நானும் என் மனைவியும் அபராதம் கட்டினோம்.

எங்கள் மகள் பதினொரு நாள் இருந்தாள். அவள் கல்லறை ஏழாவது வரிசையில், சரக்கு ரயில் போகும் பக்கத்துச் சுவரையொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம். அதிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு பழைய கருங்கல், தரைக்கு மேல் இரண்டடி மட்டும் தெரியும். எழுத்தெல்லாம் பாசியில் மறைந்து போயிருந்தது. முதல் வருஷம் மிச்சச் சுண்ணாம்பை என் மனைவி அதற்குத்தான் பூசினாள்.

"சின்னக் கல்லா கீதே. இதுவும் கொயந்ததான் போல. நம்ம பாப்பாவுக்குத் தொணையாச்சு."

பிள்ளை போனதிலிருந்து அவள் என்னிடம் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அது. நான் மறுத்துச் சொல்வேனா? அடுத்த வருஷமே அது ஆண்பிள்ளை என்று முடிவுகட்டி, அதற்குரிய சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலந்தாள். மகளுக்கு ஆறு மெழுகுவத்தி, அந்தக் கல்லுக்கு இரண்டு. அன்றிலிருந்து அந்தக் கணக்கு மாறவில்லை.

துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் மூட்டை எண்ணி வேலை பார்த்தவன் நான். கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிவிடுவேன், எண்ணியதைப் பற்றிக் கவலையும் படுவேன். அப்படிப்பட்ட நான்தான் தப்புப் பண்ணினேன். அபராதம் கட்டிய அந்த வருஷம் கல்லறைத் தோட்டத்து வாசலில் புதிதாக ஒரு நீலப் பலகை நட்டிருந்தார்கள். ஒன்பது வரி. உள்ளே இருக்கும் மூன்று பழைய கற்கள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், அவற்றில் கீறவோ பூசவோ கூடாது, மீறினால் அபராதம். இரண்டு தரம் படித்தேன். வாசலையொட்டி, தலையில் கூம்பு வைத்த பெரிய வெள்ளைக்காரக் கல்லறைகள் சரியாக மூன்று நின்றன. எண்ணிப் பார்த்தேன், கணக்கு ஒத்துப்போனது, நிம்மதியாக உள்ளே போய்விட்டேன்.

மனைவி மகள் கல்லறையை முடித்துவிட்டு அந்தக் கல்லுக்கு இரண்டாவது கை பூசிக்கொண்டிருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த காவலாளி ஓடிவந்தார்.

"இன்னா பெர்சு, போர்டு படிக்கலியா? மேடம் உள்ளதான் கீறாங்க. என் வேலைக்கு வேட்டு வெச்சிட்டியே!"

"படிச்சேன்பா. அந்த மூணு வாசல்லதானே கீது?"

"அது இல்ல நைனா. இது, அப்பால அந்தக் கோடில ரெண்டு."

தொல்லியல் துறை அதிகாரி வந்தார். முப்பது வயதிருக்கும் பெண், பேச்சில் தெற்கத்திச் சீமை தெரிந்தது. கல்லைப் பார்த்ததும் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"இன்னா பண்ட்டேன்? குளிப்பாட்டி வுட்டேன். வருசா வருசம் செய்றதுதானே."

அது போதாதென்று பயத்தில் நான் வாயைத் திறந்தேன். மகள் போனபின் வந்த கல்லறைத் திருநாள் முப்பத்தொன்பது, கொரோனா வருஷம் வாசலைப் பூட்டிவிட்டார்கள், ஆக இந்தக் கல்லுக்கு வெள்ளையடித்தது முப்பத்தெட்டு முறை, முறைக்கு இரண்டு கை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

"யோவ், உன்ன யாராச்சும் கேட்டாங்களா?" என்று மனைவி என் முழங்கையில் இடித்தாள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, பலகை வச்ச பிறகு ஒரு தடவைதானே? அதுக்கு மட்டும் கட்டினாப் போதும்."

மறுநாள் அலுவலகத்தில் அபராதத்தைக் கட்டினேன். பெரிய தொகையில்லை. சிக்கல் வந்தது கையெழுத்தில்தான். 'சின்னத்தைச் சேதப்படுத்தியதை ஒப்புக்கொள்கிறேன்' என்று தாளில் அச்சடித்திருந்தது. அதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொயந்தைய நான் சேதம் பண்ணேன்னு எப்டிமா எய்திக் குடுக்க முடியும்? வேணும்னா ரெண்டு மடங்கு வாங்கிக்கோ."

போலீஸ், வழக்கு, பென்ஷன் என்று என் மனம் ஓட ஆரம்பித்தது. அதிகாரி முதல் இரண்டு சொல்லை மட்டும் அடித்துவிட்டு, மேலே பேனாவால் 'சுண்ணாம்பு பூசியதை' என்று எழுதி நீட்டினார். மனைவி வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இது நெசம். போட்றேன்."

எழுந்து வரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "இனிமே நான் அதுக்கு ஒண்ணுமே செய்யக் கூடாதா?"

"கல்லைத் தொடக் கூடாதும்மா. ஓரடி தள்ளித் தரையில பூ வைக்கலாம்."

பஸ்ஸில் வீடு திரும்பினோம். கொருக்குப்பேட்டைப் பக்கமாகப் போன ஒரு சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

மாசி மாதம் அந்த அதிகாரி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கல்லைத் தோண்டியெடுத்துச் சுத்தம் செய்து, மறுபடி நேராக நிறுத்தியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஏடு ஏடாக உரிந்து, எழுத்து முழுதும் தெரிகிறதாம்.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலைய்யா. அதான் உங்ககிட்ட. அது குழந்தை இல்ல. கப்பல்ல வந்த ஆளு. அறுபத்திரண்டு வயசு. கல்லு நாலடி மண்ணுக்குள்ள இறங்கியிருந்திருக்கு, அதான் சின்னதாத் தெரிஞ்சிருக்கு."

ஒன்பது நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மகளுக்குத் துணை இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டுதானே அவள் எழுந்து நடமாடினாள். அந்தத் துணையை இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் எப்படிப் பறிப்பது? சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் காலை அவளே தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா விசயம்? ஒம்போது நாளா ரெண்டு இட்லியோட எய்ந்துக்கிற."

அவளும் எண்ணியிருக்கிறாள். சொல்லிவிட்டேன்.

எழுந்துபோய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போனோம். அந்தக் கல் இப்போது என் உயரத்துக்கு, கறுப்பாக, ஒரு பொட்டு வெள்ளையில்லாமல் நின்றது. அவள் அதன் உச்சியை அண்ணாந்து பார்த்தாள், பிறகு எங்கள் மூன்றடியைப் பார்த்தாள். நான் மனதுக்குள் நாற்பதுவரை எண்ணியிருந்தேன்.

"அறுவத்திரண்டா?"

"ஆமாமே."

"உன்னவிட ஒம்போது வயசு சின்னவரு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "பெரிய மன்சனப் போயி வருசா வருசம் கண்ணு, ராஜான்னு கொஞ்சிகினு கீறேன்யா. இன்னா நெனச்சிருப்பாரோ!"

சிரிப்பு அடங்கியபின் மகள் கல்லறை மேல் விழுந்திருந்த சருகுகளைப் பொறுக்கினாள். "போவட்டும். கொயந்தைக்குக் கொயந்த இன்னா தொணை? பெரியவங்க யாராச்சும் பக்கத்துல இருந்தாதான் நல்லது."

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு வந்தது. எங்கள் மூன்றடிக்கு எவ்வளவு தேவையென்று என்னால் கிராம் கணக்கில் சொல்ல முடியும். இருந்தும் இரண்டு பங்கு கூடுதலாகக் கரைத்தேன். கப்பல்காரரின் கல்லிலிருந்து ஓரடியை டேப்பால் அளந்து கோடு போட்டுக் கொடுத்தேன், அவள் கோட்டுக்கு வெளியே சாமந்தி வைத்தாள். மகள் கல்லறையை முடித்துவிட்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாயா, எண்ணிப் பாத்துதானே கரைப்ப? பாதி வாளி நிக்கிது."

"பின்வரிசையில யாரும் வராதது பதினாலு கீது. ஒண்ணும் போர்டுல இல்ல. மேடங்கிட்ட ரெண்டு தபா கேட்டுட்டேன்."

 அவள் வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், மறுபக்கத்தை நான் பிடித்தேன். முதல் கல்லறைக்கு முன்னால் நின்று மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தவள் கையை நிறுத்தினாள்.

"இது ஆம்பளயா, பொம்பளயா?"

"எனக்கின்னா தெரியும்?"

"அப்ப நீலம் வேணாம்" என்று பூச ஆரம்பித்தாள்.