பன்னீர்க் குப்பி

பச்சைக் கண்ணாடிக் குப்பி அது. குறுகிய கழுத்து, மூடிக்குப் பதில் தக்கை. அண்ணன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மேல் தெளித்தது போக அரைக் குப்பி பன்னீர் மிஞ்சியிருந்தது. மதினி அதைத் தன் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். நல்ல நாளுக்கு ஆகும் என்பாள். அந்த நல்ல நாள் எதுவாகப் போனது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் அண்ணனுக்குக் குற்றாலத்தில் குமாஸ்தா வேலை. மதினி மாசமாக இருந்ததால் துணைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. கேட்ட கேள்விக்கு யாரும் முந்தும் முன் பதில் சொல்லிவிடுகிற வாய். சீசன் நேரம், ஊரெல்லாம் குளிக்க வந்த கூட்டம். எங்கள் வீட்டில் எட்டாம் மாசத்திலேயே ஆண் பிள்ளை பிறந்துவிட்டது. மறுநாள் காலையில் பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாரை அழைத்துவர அண்ணன் தென்காசிக்கு ஓடினான்.

அவர்கள் வருமுன் பிள்ளை நீலம் பாரித்துவிட்டது. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேச வகுப்பில் நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம். பானையில் செம்பை விட்டேன். அருவியில் வெள்ளம் வந்து மூன்று நாளாகத் தண்ணீர் செம்மண்ணாக இருந்தது. படுத்தபடியே மதினி பார்த்துவிட்டாள். "ஏட்டி, கலங்கத் தண்ணியையா எம் பிள்ளை தலையில ஊத்தப் போற? அந்தப் பன்னீர எடு. ஆண்டவர்கிட்ட போறவன் மணக்க மணக்கப் போகட்டும்" என்றாள். பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே என்று சொல்லி ஊற்றினேன். பிள்ளை ஒரு தடவை சிணுங்கினான், அவ்வளவுதான். மதினி அழவில்லை. மோட்சத்துக்குப் போய்விட்டான் என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

குதிரை வண்டியில் நனைந்துகொண்டு வந்து இறங்கிய சாமியார், முழங்காலிட்டுப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். "என்னம்மா ஊற்றினாய்?" என்று கேட்டார். "பன்னீர் சாமி" என்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர்தான் வேண்டும், பன்னீர் செல்லாது. ஞானஸ்நானம் இல்லாமல் போகிற பிள்ளைக்கு வேதனை கிடையாது, ஆனால் ஆண்டவரின் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காது என்பது அந்தக் காலத்துப் போதனை. வாசலுக்கு வெளியே குற்றாலமே தண்ணீராய் ஓடிக்கொண்டிருந்தது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை என்பதால், தென்காசிக் கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே அண்ணனே குழி தோண்டினான். சாமியார் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் ஊரார் உள்ளே மெழுகுதிரி ஏற்ற, மதினி முள்ளுக்குள் நின்று ஒன்றை ஏற்றுவாள். அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், காற்றில் திரி அணைந்துபோனபோது, "அவன் அங்கன தனியாவா ஏட்டி இருக்கான்?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த நான், குனிந்து அந்தத் திரியை மறுபடி ஏற்றினேன்.

அறுபதுகளில் மதினிக்குச் சயரோகம் வந்தது. சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்தவர் அதே சாமியார்தான், தலை நரைத்திருந்தது. மோட்சம் உனக்காகக் காத்திருக்கிறது என்று ஆரம்பித்தார். மதினி கண்ணைத் திறந்தாள். "எனக்கு மோட்சம் வேண்டாம் சாமி. எம் பிள்ளை இருக்குத எடத்துக்கு அனுப்பிருங்க." எண்ணெய் தொட்ட விரல் அப்படியே நின்றது. "அன்றைக்கு நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம், தாயே. ஆண்டவர் கேட்டிருக்க மாட்டார்" என்றார். அவர் அழுததை நான் பார்த்தேன். மதினி நெற்றியைக் காட்டினாள். அதை நம்பித்தான் காட்டினாளா என்று எனக்குத் தெரியாது. நான் நம்பினேன். இன்றுவரை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மதினியை உள்ளே, சுவரை ஒட்டி அடக்கம் செய்தோம். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே ஒன்றரை அடி கனத்தில் ஒரு சுவர். இப்போது வருகிற சாமியார்கள், அப்படிப்பட்ட பிள்ளைகளை ஆண்டவரின் இரக்கத்தில் ஒப்படைக்கலாம் என்று லேசாகச் சொல்கிறார்கள். சொன்ன பொய்களை எல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்த்துவிட்டேன். பன்னீர் என்ற அந்த உண்மையைச் சொன்னதற்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

குப்பி என்னிடம்தான் இருக்கிறது. வாசனை போய் எத்தனையோ வருஷமாயிற்று. போன கல்லறைத் திருநாளில் அதில் அருவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். பாதியை மதினியின் கல்லறையில் ஊற்றினேன். மீதியை, சுற்றி நடக்க முழங்கால் ஒத்துழைக்காததால், சுவருக்கு மேலே கையை நீட்டி அந்தப் பக்கம் ஊற்றினேன். என்ன ஊற்றினாய் என்று யாராவது கேட்டால் தண்ணீர் என்று சொல்லலாம் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். யாரும் கேட்கவில்லை.