கால் சுற்று

காற்று சிலிண்டரின் திருகு கறுப்பாக, சின்னத் தக்காளி அளவில் இருக்கும். முதுகில் கட்டிக்கொண்டால் பிடரிக்குப் பின்னால் போய்விடும். நம் கைக்கு எளிதில் எட்டாது. அதனால் என்னுடையதை நண்பர் பாய் திறப்பார், அவருடையதை நான் திறப்பேன். அவர் எப்போதும் முழுக்கத் திறந்துவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார்.

பாய்க்குக் கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் பம்பு உதிரிபாகக் கடை. நான் பொறியியல் கல்லூரி ஆசிரியன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து நீருக்கடியில் மூச்சுவிடும் சாதனம் இரண்டு செட், பழையதாக வாங்கி வந்தோம். கடல் இல்லாத ஊரில் எங்களுக்கு வாய்த்தது காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு. சிலிண்டர்கள் லாரியில் கொச்சிக்குப் போய் நிரம்பி வர ஒரு மாதமாகும். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், ஒரே அளவு காற்றோடு இருவரும் தண்ணீருக்குள் மூழ்கிய அடிப்படியில் போய் உட்காருவோம். யார் அதிக நேரம் இருக்கிறார் என்பதே போட்டி. மனைவி போன பிறகு மற்ற நாட்களை நான் அந்த ஞாயிறுக்காகவே கழித்தேன்.

ஜெயிப்பது பாய்தான். நான் மேலே வந்து தலையைத் துவட்டிய பிறகும் அவர் விடும் குமிழிகள் நிதானமாக வந்துகொண்டிருக்கும். “ஏனுங்க வாத்தியாரே, கீழ போயும் பாடம் நடத்துவீங்களாட்ட இருக்குது. அதான் உங்களுக்குக் காத்து பத்த மாட்டேங்குது” என்பார். நானும் சிரிப்பேன்.

ஒரு ஞாயிறு என் கல்லூரிக்காரர்கள் இருவர் பார்க்க வந்திருந்தார்கள். அன்று பாயின் திருகைக் கால் சுற்று மட்டுமே திறந்தேன். மேலே மூச்சு சரியாக வரும். ஆழத்தில் இழுக்க இழுக்கப் போதாது. அது ஆபத்து என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். வழக்கம்போல அவர் தோளிலும் தட்டினேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலே போவதைப் பார்த்தேன். உடனே பின்னால் போயிருக்க வேண்டும். ஜெயிப்பதற்காக இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

நான் வந்தபோது அவர் படியில் சாம்பல் முகத்தோடு இருந்தார். “நெஞ்சு அடைச்சுப்போச்சுங்க வாத்தியாரே. இனி நீங்கதான்” என்றார். கல்லூரிக்காரர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, திறந்திருந்த கால் சுற்றை மூடினேன்.

டாக்டர் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்றார், பாய் நம்பவில்லை. தன் சாதனத்தையும் எனக்கே கொடுத்துவிட்டார். சில மாதங்கள் தனியாகப் போனேன். ஒருநாள், பாயே எட்டியிராத அளவு நேரம் அடியில் இருந்துவிட்டு வந்தேன். கரையில் என் செருப்பு மட்டும் கிடந்தது. அத்தோடு விட்டேன்.

இரண்டு வருடம் கழித்துக் கடைக்குப் போனேன். மாடிக் கிடங்கிலிருந்து சாமான் எடுத்துவர மருமகனை ஏவிக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தார். படி ஏறுவதை விட்டுவிட்டாராம். “எதுக்கு வம்புங்க” என்றார். மருமகன் டீ சொல்லப் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். “அப்ப என்ற நெஞ்சுக்கு ஒண்ணுமில்லீங்களா?”

இல்லை என்றேன்.

எழுந்தார். கைப்பிடியைத் தொடாமல், நிற்காமல், மாடிப்படி முழுவதும் ஏறினார். தலைக்கு மேல் மரப்பலகையில் அவர் அங்குமிங்கும் நடப்பது கேட்டது. இறங்கி வருவார் என்று காத்திருந்தேன். டீ வந்து ஆறியது. பிறகு மேலிருந்து மருமகனைக் கூப்பிடும் குரல் மட்டும் வந்தது, எப்போதும்போல மரியாதையாக.

“சாருக்கு ஒரு ஆட்டோ புடிச்சு உட்டுருங்க, மாப்ள.”

அதுவரை அவர் என்னை சார் என்று அழைத்ததில்லை.