உள்ளே பார்த்து நின்ற காவல்காரர்கள்

பேய் பிடித்திருக்கிறது என்று யாராவது வந்து நின்றால், முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆள் நான். உச்சி வேளையில் புளியமரத்தடியில் படுத்துத் தூங்கி எழுந்து வந்திருக்கிறேன், தாயத்து, வேப்பிலை எதையும் மதித்ததில்லை. அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

என்னைக் கட்டிக்கொடுத்தது வல்லத்திராக்கோட்டையில். என் மாமனார் பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்து ஊருக்குக் கப்பலேறியபோது, பக்கத்துக் கடைச் சீனர் நினைவாகக் கொடுத்த இரண்டு சிலைகளைக் கூடவே கொண்டுவந்தார். வெண்கலத்தில் வார்த்துத் தங்கமுலாம் பூசியவை, முழங்கால் உயரம், ரொம்பப் பழசு. உடம்பெல்லாம் கவசம், பிதுங்கிய கண், ஓங்கிய கை, காலடியில் நசுங்கிக் கிடக்கிற ஒரு குட்டிப் பூதம். முலாம் தேய்ந்து மடிப்புகளில் மட்டும் மின்னும். அவர்கள் ஊர் புத்தர் கோயிலில் வாசல் காக்கிறவர்களாம், நம் கோயில் துவாரபாலகர் மாதிரி.

மாமா அவற்றைத் தலைவாசலுக்கு உள்பக்கமாக, ஆளுக்கொரு ஓரம், தெருவைப் பார்த்து நிறுத்தியிருந்தார். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் வயலிலிருந்து வந்து வாசலில் இருமுவார், நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன், கால் கழுவிக்கொண்டு, "ஆத்தா, இன்னைக்கி என்ன கொழம்பு" என்று கேட்டபடியே உள்ளே வருவார். அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவள் நான், எனக்கு அப்பா என்றால் அவர்தான்.

வீட்டுக்கு வெள்ளையடித்த வருஷம் என் வீட்டுக்காரர் சிலைகளைக் கூடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். வருகிற விருந்தாளிக்கு முதுகையா காட்டுவது என்பது அவருடைய நியாயம். "காவக்காரன வீட்டப் பாத்து நிப்பாட்டுவாகளாப்பா" என்று மாமா கேட்டதோடு சரி, மகனிடம் மறுபேச்சு பேசுகிறவர் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் பூனை தலைவாசல் வழியாக உள்ளே வரும், வெளியே போவதென்றால் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாகத்தான் போகும். அப்போது அதை யார் கவனித்தார்கள்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும், மாமா படுக்கையில் விழுந்தார். கூடத்திலேயே கட்டில் போட்டோம். புதுக்கோட்டையிலிருந்து வந்த டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனார், ஆனால் உயிர் பிரியவில்லை. இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே கிடந்தது. மண்ணாசையாக இருக்கும் என்று வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், பொன்னாசை என்று தங்கத்தை உரசி ஊற்றினார்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பால் விட்டுப் பார்த்தாயிற்று. முதுகெல்லாம் புண், விடிய விடிய முனகல். அந்த மனுஷனைச் சீக்கிரம் கூட்டிக்கொள் என்று நானே சாமியிடம் கேட்டேன் என்றால், அவர் பட்ட பாட்டை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மத்தியானம், வந்தவர்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள், நான் மட்டும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல நாளாகப் பேசாதவர் திடீரென்று, "ஆத்தா, வழிய விட மாட்டேங்கிறாக" என்றார்.

"யாரு மாமா?"

கண் மட்டும் வாசலைப் பார்த்தது, ஒரு ஓரம் பார்த்துவிட்டு மறு ஓரம் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். அந்த இரண்டு பேரும் ஓங்கிய கையோடு கட்டிலையே முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

எழுந்து போய் ஒன்றைத் தொட்டேன். வெயிலே படாத இடம், வெயிலில் கிடந்த பாத்திரம் மாதிரிச் சுட்டது. முந்தானையால் பிடித்துத் தெருப் பக்கம் திருப்பினேன். கட்டிலில் அந்த இழுப்பு நின்று மூச்சு சீராக வந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு வந்து, "என்ன பண்ற நீ?" என்றார்.

"பேசாம இருங்க" என்று சொல்லி மற்றதையும் திருப்பினேன்.

மாமா என்னைப் பார்த்து, "போயிட்டு வாரேன் ஆத்தா" என்றார். சந்தைக்குப் போகிறவர் சொல்கிற மாதிரி, அவ்வளவு தெளிவாக. அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், நான் அழுதேன், அழும்போதே மனது லேசாகவும் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நானே தற்செயல் என்று தள்ளியிருப்பேன். கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் இருமல் கேட்டது. பழக்க தோஷம், செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்பதே உறைத்தது. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் செம்பு காலி. ஈரக் காலடி படியேறி நிலைவாசல் வரை வந்திருந்தது. அதற்கு உள்ளே ஒரு தடமும் இல்லை.

தெருவைப் பார்த்து அவரை மறிக்கிற சிலைகளை மறுபடியும் உள்பக்கம் திருப்பி வைத்தால் அவர் வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். பிறகு எப்படி வெளியே போவார்? அந்தக் கட்டிலில் அவர் கிடந்ததைப் பார்த்தவள் நான், கை வரவில்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் சிலைகளுக்கு நல்ல விலை வரும் என்கிறார்கள், என் காலம் முடியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் சாயங்காலமானால் செம்பில் தண்ணீர் வைக்கிறேன். காலடி படியேறி நிலைவாசல் வரை வருகிறது. அங்கிருந்து திரும்பிப் போன தடத்தை இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.